தொட்டுப் பார், துணிவு வரும்!

"அறிவியலா? அதெல்லாம் நமக்கு வராதுங்க!"

இந்த வாக்கியத்தைச் சொல்லாத வீடு நம் ஊரில் உண்டா? பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் சொல்கிறார். பட்டம் வாங்கி வேலைக்குப் போனவரும் சொல்கிறார். "வானம் ஏன் நீலமா இருக்கு தாத்தா?" என்று பேத்தி கேட்டால், "போய் உங்க டீச்சரைக் கேளு" என்கிறார் தாத்தா. உங்களுக்கு வராது என்று யார் சொன்னது? எந்தத் தேர்வு அதை முடிவு செய்தது? எந்த நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை எழுதியது?

யாரும் எழுதவில்லை. நீங்களே எழுதிக்கொண்டீர்கள். நீங்கள் எழுதியதை நீங்களே கிழித்துப் போடலாம். அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. மதிப்பெண் கிடையாது. உங்கள் வயதை யாரும் கேட்கமாட்டார்கள், சான்றிதழைக் காட்டச் சொல்லமாட்டார்கள். அதுதான் அறிவியல் திருவிழா.

ஆண்டுதோறும் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். அதையொட்டியும், விடுமுறை நாட்களிலும், தமிழ்நாட்டின் அரசுப் பள்ளி மைதானங்களில், நூலக வளாகங்களில், சமுதாயக் கூடங்களில் இப்படிப்பட்ட திருவிழாக்கள் நடக்கின்றன. 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் நடத்துகின்றன. ஆர்வம் கொண்ட ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் கூடி நடத்துவதும் உண்டு. ஒரு பந்தல், பத்து பெஞ்சு, ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு சோதனை, அருகில் விளக்கம் சொல்ல ஒரு கருத்தாளர். அவ்வளவுதான் செலவு. ஆனால் அந்தப் பந்தலுக்குள் நுழைந்து வெளியே வரும் மனிதன், உள்ளே போன அதே மனிதன் அல்ல. இதை உரக்கச் சொல்கிறேன்.

பயம் எங்கே பிறந்தது?

பிறக்கும்போது யாருக்கும் அறிவியல் பயம் இருந்ததில்லை. தவழும் குழந்தை கையில் கிடைத்ததைத் தட்டும், உதறும், கீழே போடும், மறுபடி எடுத்துப் போடும். ஒவ்வொரு முறையும் அது கீழேதான் விழுகிறதா என்று உற்றுப் பார்க்கும். அந்தப் பொறுமை ஒரு காலத்தில் நம் எல்லோரிடமும் இருந்தது. பிறகு பெரியவர்கள் நடுவில் வந்தோம். "அதைத் தொடாதே, உடைஞ்சிடும்." "இதைத் தொடாதே, கரண்ட் அடிக்கும்." "கேள்வி கேட்டது போதும், படி." இதையே கேட்டு வளர்ந்த பிள்ளை, கை கட்டி நிற்பதுதான் ஒழுக்கம் என்று நம்பிவிட்டது. ஆய்வுக்கூடத்துக்குப் போனாலும், ஆசிரியர் செய்வதை நாற்பது பேர் எட்டிப் பார்ப்பதோடு சோதனை முடிந்தது. ரெக்கார்டு நோட்டில் எழுதிய முடிவு சரியாகவே இருந்தது. கை மட்டும் அந்தச் சோதனையைச் செய்யவே இல்லை.

பயம் அங்கேதான் பிறந்தது. கரையில் நின்றபடியே நீச்சல் கற்றவன் உலகில் எவனும் இல்லை.

தன்னம்பிக்கையைப் பேசிப் பேசி ஊட்டிவிட முடியாது. "உன்னால் முடியும்" என்று ஒரு பிள்ளையிடம் நூறு முறை சொல்லுங்கள், தலையாட்டும். அது தன் கையால் கட்டிய சின்ன மோட்டார் ஒருமுறை சுழன்றுவிட்டால், அந்த நூறு முறையும் தேவைப்படாது. கை செய்து முடித்ததை மனம் மறுக்க முடியாது. துணிச்சல் கை வழியாகத்தான் உள்ளே போகிறது. அதனால்தான் வாருங்கள், தொட்டுப் பாருங்கள் என்கிறேன். நீங்கள் சொல்லப்போகும் சாக்குகள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பந்தலில் ஒரு மேசை பதில் வைத்திருக்கிறது.

"நான் அதிகம் படிக்கவில்லையே!"

முதல் மேசைக்கு வாருங்கள். ஒரு 1.5 வோல்ட் பேட்டரி. அதன் இரு முனைகளிலும் சைக்கிள் டியூப்பிலிருந்து வெட்டிய ரப்பர் வளையத்தால் இறுக்கிய இரண்டு ஊக்குகள். பேட்டரியின் முதுகில் ஒரு காந்தம். மோட்டார் காயில் கட்டும் கடையில் கிடைக்கும் எனாமல் பூசிய செம்புக் கம்பியைச் சில சுற்று சுற்றி, இரு நுனிகளையும் ஊக்குகளின் காதில் செருக வேண்டும். அதற்கு முன் ஒரு நுனியின் எனாமலை முழுக்கச் சுரண்ட வேண்டும். மறு நுனியில் ஒரு பக்கம் மட்டும் சுரண்டி, மறுபக்கத்தை அப்படியே விட வேண்டும்.

பலருக்கு முதல் முயற்சியில் அது சுற்றாது. இரண்டு நுனியையும் முழுக்கச் சுரண்டியிருப்பார்கள். கம்பிச்சுருள் இப்படியும் அப்படியும் ஆடி நின்றுவிடும். ஏன் என்று தேடும்போதுதான் விஷயம் பிடிபடும். அரைச் சுற்று வரை காந்தவிசை தள்ளும். அதற்கு மேலும் மின்சாரம் ஓடினால், அதே விசை எதிர்ப்பக்கம் இழுக்கும். அந்த நேரத்தில் மின்சாரத்தை நிறுத்துவதுதான் சுரண்டாமல் விட்ட எனாமலின் வேலை. மின்சாரம் இல்லாத அந்த அரைச் சுற்றைச் சுருள் தன் வேகத்திலேயே கடந்துவிடும். இது புரிந்து, புது நுனியைச் சரியாகச் சுரண்டி, விரலால் ஒரு சுண்டு சுண்டினால் போதும். கிர்ரென்று சுழலும் அந்தச் சுருளைப் பார்க்கும் முகங்களைப் பாருங்கள்! தோல்வி காரணத்தைக் காட்டியது, காரணம் வெற்றியைக் கொடுத்தது. வாழ்க்கைக்கு இதைவிடப் பெரிய பாடம் எந்த மேடையில் கிடைக்கும்?

மின்சாரத்தையும் காந்தத்தையும் கொண்டு தொடர்ந்து சுழலும் அசைவை 1821-இல் முதன்முதலாகச் செய்து காட்டியவர் மைக்கேல் ஃபாரடே. அவர் என்ன படித்திருந்தார்? லண்டனில் ஒரு கொல்லரின் மகன். 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். தைக்க வந்த புத்தகங்களைத் தைப்பதற்கு முன் படித்தார். 1812-இல் அந்தக் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்க அவருக்கு நுழைவுச் சீட்டு கொடுத்தார். ஃபாரடே போனார், கேட்டார், ஒன்றுவிடாமல் குறிப்பெடுத்தார். ஏறத்தாழ 300 பக்கம் வந்த அந்தக் குறிப்பைத் தன் தொழில் தெரிந்த கையாலேயே பைண்ட் செய்து டேவிக்கே அனுப்பினார். மறு ஆண்டே ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவருக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. 1831-இல் அவர் கண்ட மின்காந்தத் தூண்டல்தான், இன்று மேட்டூர் அணையிலும் நெய்வேலியிலும் சுழலும் மின்னாக்கிகளில் மின்சாரத்தை உண்டாக்கி உங்கள் வீட்டு விளக்கை எரிய வைக்கிறது.

கணிதம் அவருக்குப் பெரிதாகத் தெரியாது. கல்லூரியில் அவர் படித்ததே இல்லை. காசில்லாத ஒரு பையனுக்கு யாரோ ஒருவர் கொடுத்த சீட்டும், அதைப் பயன்படுத்திக்கொள்ளும் வெறியும் அவரிடம் இருந்தன. இலவச அறிவியல் திருவிழா என்பது அந்தச் சீட்டை ஊர் முழுக்கக் கொடுப்பது. உங்கள் கைக்கும் அது வந்திருக்கிறது. வெறி இருக்கிறதா என்று மட்டும் உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

"எனக்கு ஆங்கிலம் வராதே!"

அடுத்த மேசையில் காகிதத்தை மடித்துச் செய்த ஒரு நுண்ணோக்கி இருக்கும். ஃபோல்டுஸ்கோப் என்பது அதன் பெயர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் இந்தியர் மனு பிரகாஷும் அவருடைய குழுவும் 2014-இல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். ஒரு பொட்டு அளவுள்ள ஒரே வில்லை, 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். அதன் அடியில் வெங்காயத் தோலை வைத்துப் பாருங்கள். செங்கல் அடுக்கியதுபோல் செல்கள் வரிசையாக நிற்கும். குட்டையிலிருந்து எடுத்த ஒரு சொட்டுத் தண்ணீரை வையுங்கள். ஓடும், சுழலும், ஒன்றையொன்று துரத்தும் உயிர்கள் தெரியும்.

அந்த உலகத்தை மனிதகுலத்தில் முதலில் கண்டவர் ஒரு துணி வியாபாரி. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துக்காரர். பெயர் லேவன்ஹுக். அவரும் ஒற்றை வில்லையை வைத்துத்தான் பார்த்தார். அந்த வில்லைகளைத் தன் கையாலேயே தேய்த்துச் செய்தார். 1670-களில் குளத்து நீரிலும் மிளகு ஊறிய நீரிலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைக் கண்டு எழுதினார். அன்று அறிஞர்களின் மொழி லத்தீன். அவருக்கு லத்தீன் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. தெரிந்த டச்சு மொழியில் கண்டதைக் கண்டபடி கடிதம் எழுதினார். லண்டன் ராயல் சொசைட்டி அந்தக் கடிதங்களை மொழிபெயர்த்து வெளியிட்டது. 1680-இல் அவரைத் தன் உறுப்பினராகவும் ஏற்றது.

தமிழ்வழியில் படிக்கும் தம்பி, தங்கையே! உன் மொழியைக் காட்டி யாராவது உன்னைக் குறைத்துப் பேசினால் தலை குனியாதே. நுண்ணோக்கிக்கு மொழி தெரியாது. உன் கண்ணுக்குத் தெரிந்ததை உன் தமிழில் துல்லியமாக எழுது. தெளிவாகப் பார்த்தவனுக்குச் சொல் தானே வரும். ஆங்கிலத்தைத் தேவை வரும்போது கற்றுக்கொள், ஒரு கருவியாகக் கற்றுக்கொள். அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியம் உனக்கு இல்லை.

"பெரிய கருவிகள் நம்மிடம் ஏது?"

மூன்றாவது மேசையில் ஓர் அட்டைப்பெட்டி. ஒரு பக்கம் பிளேடால் கீறிய மெல்லிய பிளவு. உள்ளே சாய்த்து வைத்த பழைய சி.டி. மேலே கண் வைக்க ஓர் ஓட்டை. பிளவை விளக்கின் பக்கம் திருப்பிப் பாருங்கள். உங்கள் வீட்டில் எரிகிற பழைய சி.எஃப்.எல். விளக்கின் வெள்ளை வெளிச்சம், தனித்தனி நிறப் பட்டைகளாகப் பிரிந்து நிற்கும். எல்.இ.டி. விளக்கைப் பாருங்கள், நிறங்கள் ஒன்றோடொன்று தொடர்ந்து ஓடும். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் வெள்ளைதான். குப்பைக்குப் போகவிருந்த ஒரு சி.டி. அந்த இரண்டின் ரகசியத்தையும் போட்டு உடைத்துவிட்டது.

ஒளியின் ரகசியத்தைத் துரத்தியவர்தான் தேசிய அறிவியல் நாளுக்கே காரணமானவர். திருச்சி திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சி.வி. ராமன், 1907-இல் கல்கத்தாவில் அரசு நிதித்துறையில் அதிகாரியானார். கைநிறையச் சம்பளம். மற்றவர்களாக இருந்தால் அங்கேயே நின்றிருப்பார்கள். டிராமில் போகும்போது பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நன்கொடை திரட்டி உருவாக்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் அது. பொதுமக்களின் பணத்தில், மக்களிடம் அறிவியலைக் கொண்டுசெல்வதற்காகப் பிறந்த கழகம். ராமன் கதவைத் தட்டினார். கதவு திறந்தது. ஆண்டுக்கணக்கில் காலையிலும் மாலையிலும் அங்கே ஆய்வு செய்தார், நடுவில் அலுவலகம் போய்வந்தார்!

1928 பிப்ரவரி 28-ஆம் நாள் உறுதியான அவருடைய கண்டுபிடிப்பில் தொடக்கத்தில் பயன்பட்டவை என்ன தெரியுமா? சூரிய ஒளி, சில நிறக் கண்ணாடிகள், ஒரு திரவம், மனிதக் கண். ஒரு கண்ணாடியால் நீல ஊதா ஒளியை மட்டும் பிரித்துத் திரவத்துக்குள் பாய்ச்சினார்கள். அந்த நிறத்தை அடியோடு தடுக்கும் இன்னொரு கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். இருட்டுதான் தெரிந்திருக்க வேண்டும். மங்கலாக ஒளி தெரிந்தது. திரவத்துக்குள் போன ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வெளிவந்திருந்தது! உடன் நின்று உழைத்தவர் கே.எஸ். கிருஷ்ணன், விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்புக்காரர். கருவிகளுக்கு ஆன செலவு மிகக் குறைவுதான். 1930-இல் நோபல் பரிசு வந்தது.

கருவி இல்லை என்று இனியும் சொல்வீர்களா? மக்கள் காசு போட்டுத் திறந்து வைத்த ஒரு கதவு, அதைத் துணிந்து தட்டிய ஒரு கை. இரண்டும் சேர்ந்தபோது நாட்டுக்கு நோபல் வந்தது. அதனால்தான் அறிவியல் திருவிழாவுக்குக் கட்டணம் வைக்கக் கூடாது என்று சொல்கிறேன். பத்து ரூபாய்ச் சீட்டு வைத்தாலும் ஒரு பிள்ளை வாசலோடு திரும்பிப் போகும். அது எந்தப் பிள்ளை என்று யாருக்குத் தெரியும்?

"அடுப்படியில் கிடக்கிற எனக்கு இது எதற்கு?"

அம்மா, உங்களைத்தான் நான்காவது மேசை அழைக்கிறது. அங்கே மஞ்சள் கரைத்த நீர் இருக்கிறது. சோப்புத் தண்ணீரை ஊற்றுங்கள், சிவந்துவிடும். எலுமிச்சையைப் பிழியுங்கள், மறுபடி மஞ்சளாகும். இது உங்களுக்குப் புதிதா? மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்து எத்தனை மணமக்களுக்கு ஆரத்தி எடுத்திருப்பீர்கள்! மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் காரத்தைத் தொட்டால் சிவக்கும், அமிலத்தைத் தொட்டால் பழைய நிறத்துக்குத் திரும்பும். காரமா அமிலமா என்று கண்டுபிடிக்க ஆய்வகத்தில் பயன்படுத்தும் நிறங்காட்டியை நீங்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வருகிறீர்கள். இட்லி மாவு ஏன் மழைக்காலத்தில் மெதுவாகப் பொங்குகிறது, பாலில் எவ்வளவு உறை ஊற்ற வேண்டும் என்று தெரிந்த உங்களுக்கா அறிவியல் வராது? நீங்கள் செய்யும் வேலைக்கு அந்தப் பெயரை யாரும் சூட்டவில்லை, அவ்வளவுதான். இந்தப் பந்தலில் அதை நீங்களே சூட்டிக்கொள்ளுங்கள்.

கையால் செய்து பெற்ற துணிச்சல் ஒரு பெண்ணை எங்கே கொண்டுபோகும் என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் சாட்சி. 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவைப் பரப்பியபோது, பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலாராணி சுங்கத் துணை நின்றார். அறிவியல் இயக்கத் தொண்டர்கள் ஊர் ஊராக உழைத்தார்கள். வயலில் கூலி வேலை செய்தவர்கள், கல் உடைத்தவர்கள், கிராமச் செவிலியர் என்று பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். கேலி பேசியவர்கள் உண்டு. விழுந்து முட்டி பெயர்ந்தவர்களும் உண்டு. எழுந்து மறுபடி ஏறினார்கள். அ, ஆ எழுதிய அதே கை ஹேண்டில்பாரையும் பிடித்தது. சந்தைக்கும் வேலைக்கும் மருத்துவமனைக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வந்தார்கள். அந்தப் பெண்களுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எதையும் யாரும் எடுக்கவில்லை. பெடலை மிதித்தார்கள், அது வந்தது.

"இந்த வயதில் எனக்கு இனி என்ன?"

ஐயா, வெயில் சாய்ந்த பிறகு திருவிழா மைதானத்தில் தொலைநோக்கியை நிறுத்துவார்கள். பேரனைக் கூட்டிக்கொண்டு அந்த வரிசையில் நில்லுங்கள். பேரனுக்குப் பிறகு நீங்களும் குனிந்து பாருங்கள். நிலவின் பள்ளங்கள் தெரியும். காலம் ஒத்துவந்தால் வியாழனும் அதன் அருகே புள்ளிகளாக நான்கு நிலவுகளும் தெரியும். 1610-இல் கலிலியோ பார்த்த அதே நிலவுகள். எல்லாம் பூமியைத்தான் சுற்றுகின்றன என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், வேறொன்றைச் சுற்றும் பொருள்களும் உண்டு என்று கண் முன்னே நிறுவியவை அவை. அறுபது, எழுபது ஆண்டுகளாக நீங்கள் தலைக்கு மேலே பார்த்த வானத்தை இன்று முதல்முறையாக நெருங்கிப் பார்ப்பீர்கள். தெரிந்துகொள்ளும் ஆசைக்கு ஓய்வு வயது என்று எந்த அரசாணையும் இல்லை.

உங்களிடம் இருப்பது திருவிழாவில் வேறு யாரிடமும் இல்லை என்பதையும் மறவாதீர்கள். எந்தக் காற்று அடித்தால் மழை வரும், எந்தக் கிணறு எந்த மாதம் வற்றும், எந்தப் பறவை இப்போது வருவதில்லை என்பது உங்கள் நினைவில் இருக்கிறது. அதை ஒரு பிள்ளையிடம் சொல்லுங்கள், அந்தப் பிள்ளை எழுதி வைக்கட்டும். அதுவே ஓர் ஆய்வின் முதல் பக்கம். 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ச் சிக்கலையே ஆய்வுப் பொருளாக எடுக்கிறார்கள். அவர்களுக்கு வழிகாட்ட உங்கள் அனுபவம் வேண்டும்.

கேள்வி கேட்பது உங்கள் கடமை

2019 டிசம்பர் 26 காலையில் கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை வானத்தில் வளைய கிரகணத்தின்போது சூரியன் நெருப்பு வளையமாக நின்றது. பல வீடுகளில் சன்னலைச் சாத்தினார்கள், சோற்றுப் பானையை மூடினார்கள், கர்ப்பிணிகளை வெளியே விடவில்லை. அதே நேரத்தில் மைதானங்களில் வேறொரு கூட்டம் நின்றது. சூரிய வடிகட்டிக் கண்ணாடி அணிந்து பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். சிறு ஓட்டை போட்ட காகிதத்தை முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டி, சூரியனின் பிம்பத்தைச் சுவரில் விழவைத்துப் பாட்டிக்குக் காட்டினார்கள். வெறுங்கண்ணால் சூரியனைப் பார்த்தால் விழித்திரை கருகும், அதற்கு மட்டும்தான் பயப்பட வேண்டும். சந்திரனின் நிழல் யாருடைய சோற்றையும் கெடுக்காது. இதைத் தன் கண்ணால் கண்ட பிள்ளையை இனி எந்தப் புரளியாலும் மிரட்ட முடியாது.

"ஏன்?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று நம்மை வளர்த்துவிட்டார்கள். நம் அரசியல் சட்டம் வேறு சொல்கிறது. 51ஏ பிரிவைப் பாருங்கள். அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் ஆராய்ந்து கேட்கும் உணர்வையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் அடிப்படைக் கடமை. 1976-இல் சேர்க்கப்பட்ட பிரிவு இது. கேள்வி கேட்கத் தயங்குபவர் பணிவைக் காட்டவில்லை, கடமையைத் தவறவிடுகிறார். வாட்ஸ்அப்பில் வந்த வைத்தியக் குறிப்பைக் கேளுங்கள். நூறு நாளில் பணம் இரட்டிப்பாகும் என்பவரைக் கேளுங்கள். "எப்படித் தெரியும்? காட்டு!" என்று கேட்கப் பழகியவரை ஏமாற்ற முடியாது. அந்தப் பழக்கத்தைச் சோதனை மேசையில்தான் தொடங்க வேண்டும்.

காலடி மண் போதும்

எங்கோ பெரிய நகரத்தில்தான் அறிவியல் நடக்கிறது என்று நினைப்பவர்களே, உங்கள் காலடியைப் பாருங்கள். சந்திரயான் கலம் நிலவில் இறங்கும் முன், நிலவின் மண்ணைப் போன்ற மண்ணில் அதைச் சோதிக்க வேண்டியிருந்தது. அந்த மண் எங்கே கிடைத்தது? நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் உள்ள அனார்த்தோசைட் பாறையில். ஏறத்தாழ 50 டன் அங்கிருந்து போனது. 2023 ஆகஸ்ட் 23-இல் நிலவின் தென்துருவத்துக்கு அருகே இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்து மேலே வந்தவர். மண்ணும் நம் மண், மனிதரும் நம் மனிதர். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

இன்னொன்று சொல்கிறேன், செய்து பாருங்கள். ஒரே நாளில் கன்னியாகுமரியில் ஒரு பள்ளியும் சென்னையில் ஒரு பள்ளியும் செங்குத்தாக ஒரு கம்பை நட்டு, நண்பகலில் நிழல் மிகக் குறுகும் நேரத்தில் சூரியக் கதிர் கம்போடு உண்டாக்கும் கோணத்தை அளக்கட்டும். இரண்டுக்கும் ஏறத்தாழ 5 டிகிரி வித்தியாசம் வரும். தெற்கு வடக்காக இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 555 கிலோமீட்டர். முழு வட்டம் 360 டிகிரி, அதாவது 5 டிகிரியைப்போல் 72 மடங்கு. 555-ஐ 72-ஆல் பெருக்குங்கள், ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு! 2,200 ஆண்டுகளுக்கும் முன் எகிப்தில் எரட்டோஸ்தனீஸ் இதே முறையில்தான் பூமியை அளந்தார். ஒரு கம்பையும் வேறோர் ஊரில் ஒரு நண்பரையும் வைத்துக்கொண்டு பூமியையே அளந்துவிட்ட பிள்ளையை, எந்த நுழைவுத்தேர்வு மிரட்டிவிடும்?

உங்கள் தெருவில் எப்போது?

திருவிழாவுக்குப் போனது போதாது. அடுத்ததை நீங்களே நடத்த வேண்டும். பயப்படாதீர்கள், கோடி ரூபாய் தேவையில்லை. பள்ளித் தலைமையாசிரியரிடமோ நூலகரிடமோ ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இடம் கேளுங்கள். பேட்டரி, ஊக்கு, உப்புத்தாள், பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம், பழைய சி.டி., அட்டைப்பெட்டி, மஞ்சள், சோப்பு, எலுமிச்சை, தண்ணீர் டம்ளர், அஞ்சலட்டை. இவற்றிலேயே பத்து மேசை நிறைந்துவிடும். டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, அஞ்சலட்டையால் மூடி, கவிழ்த்துக் காட்டினாலே கூட்டம் கூடிவிடும். கால் கிலோ தண்ணீரைத் தாங்கிப் பிடிப்பது காற்று. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையின் அழுத்தத்தோடு அது நம்மைச் சுற்றி நிற்கிறது.

இரண்டு விதிகளை மட்டும் விடாமல் பின்பற்றுங்கள். எந்த மேசையிலும் "தொடாதீர்கள்" என்ற அட்டை இருக்கக் கூடாது. தொட்டால் ஆபத்தான பொருளை மேசைக்கே கொண்டுவராதீர்கள். அடுத்தது, விளக்கம் சொல்ல ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை நிறுத்துங்கள். வாயே திறக்காத பிள்ளையைத் தேடி நிறுத்துங்கள். காலையில் முதல் ஆளுக்குச் சொல்லும்போது அந்தக் குரல் நடுங்கும். மாலையில் ஐம்பதாவது ஆளுக்குச் சொல்லும்போது ஊர்த் தலைவரே வந்து நின்றாலும் நடுங்காது. தெரியாத கேள்வி வந்தால், "எனக்குத் தெரியலை, வாங்க, செஞ்சு பார்ப்போம்" என்று சொல்லப் பழக்குங்கள். அப்படிச் சொல்லத் தெரிந்த மனிதனுக்கு அவமானம் என்று ஒன்று கிடையாது.

திருவிழா முடிந்ததும் பந்தலைப் பிரியுங்கள், பழக்கத்தைப் பிரிக்காதீர்கள். வாரம் ஒருமுறை பிள்ளைகள் கூடிச் செய்து பார்க்க துளிர் இல்லம் என்னும் அறிவியல் மன்றம் ஒன்றைத் தொடங்குங்கள். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் இயங்கும் வானவில் மன்றத்தில் உங்கள் பிள்ளை என்ன செய்தது என்று மாலையில் கேளுங்கள். "எத்தனை மார்க்?" என்பதற்கு முன் "இன்னைக்கு எதைச் செஞ்சு பார்த்தே?" என்று கேளுங்கள். 2031 மே 21 அன்று தென் தமிழக வானில் மறுபடி ஒரு வளைய கிரகணம் வருகிறது. அன்று உங்கள் தெருவில் கதவுகள் சாத்தியிருக்குமா, தெருவே மைதானத்தில் நிற்குமா? அதை இன்றிலிருந்தே நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள்.

புத்தகம் தைத்தவரும் துணி விற்றவரும் கணக்குப் பார்த்தவரும் உலகத்தை மாற்றினார்கள். அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. நீங்கள் மட்டும் ஏன் நிற்கிறீர்கள்? இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பேட்டரியும் கொஞ்சம் செம்புக் கம்பியும் வாங்குங்கள். வீட்டில் உள்ள அத்தனை பேரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். சுற்றும் வரை விடாதீர்கள். பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்!